பார்த்தது ஒரு பக்கம், முடிவு மறுபக்கம்: சமூகப் பராமரிப்பு படிக்கிறவர்களுக்கு

"பயனாளி ஒத்துழைக்கவில்லை."

களப்பணி மாணவர்களின் குறிப்பேடுகளில் அடிக்கடி தட்டுப்படும் வரி இது. சரி, என்னதான் நடந்தது என்று கேட்டால் வேறு கதை வெளிவரும். கதவைத் தட்டியதும் திறக்க நேரமாகியிருக்கும். திறந்தவர் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார். நின்றபடியே மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார். வங்கிக் கணக்கு பற்றிக் கேட்டதும் "அது எதுக்கு?" என்றிருப்பார். காது மந்தமாக இருக்கலாம், முழங்கால் வலி இருக்கலாம், முன்பு யாரிடமோ கணக்கு எண்ணைக் கொடுத்து ஏமாந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், அடுத்துப் போகிறவர் அதைப் படித்துவிட்டு முறைப்போடுதான் கதவைத் தட்டுவார். அவரும் வந்து அதையேதான் எழுதுவார்.

இந்தப் படிப்பில் கோட்பாடு, சட்டம், உளவியல், ஆய்வு முறை என்று பாடங்கள் நிறைய. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே பழக்கம்தான். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் ஒரு பக்கம் வைக்க வேண்டும், அதிலிருந்து நாமாகக் கட்டிய முடிவை மறுபக்கம் வைக்க வேண்டும். சொல்லும்போது சுலபமாகத் தெரியும், செய்யும்போது வழுக்கும். அதனால்தான் இதைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்கிறோம்.

சேருமுன்

பராமரிப்புப் பணியும் சமூகப் பணியும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, ஆனால் ஒன்றல்ல. பராமரிப்பு ஊழியர் ஒருவரின் அன்றாடத்துக்குள் நுழைந்து வேலை செய்கிறார்: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வெளியே அழைத்துப்போவது, முதியோர் இல்லத்திலோ மாற்றுத்திறனாளிகள் மையத்திலோ கூடவே இருப்பது. சமூகப் பணியாளர் நிலைமையை மதிப்பிடுகிறார், சேவைகளை ஏற்பாடு செய்கிறார், சட்டப்படி அறிக்கை எழுதுகிறார், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் பேசுகிறார். முதலாவதற்குப் பெரும்பாலும் சான்றிதழ் அல்லது டிப்ளமோ போதும். இரண்டாவதற்குப் பட்டம் கேட்பார்கள். பல நாடுகளில் பதிவு பெறாமல் 'சமூகப் பணியாளர்' என்ற பெயரைப் போட்டுக்கொள்வதே சட்ட விரோதம். எனவே கல்லூரியில் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் படிப்பை முடித்தால் நான் வேலை செய்ய நினைக்கும் இடத்தில் பதிவு கிடைக்குமா என்பதுதான். வாய்மொழிப் பதிலை நம்பாமல், பதிவு செய்யும் அமைப்பின் பட்டியலை நீங்களே பாருங்கள்.

அடுத்தது களப்பணி. மொத்தம் எத்தனை மணி நேரம், இடத்தைக் கல்லூரி பிடித்துத் தருமா அல்லது நீங்களே அலைய வேண்டுமா, அங்கே உங்களை மேற்பார்வை செய்பவர் தகுதி பெற்ற சமூகப் பணியாளரா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் யோசியுங்கள். மேற்பார்வை இல்லாத களப்பணியில் மாணவர் கோப்பு அடுக்கவும் நிகழ்ச்சிக்கு நாற்காலி போடவும்தான் பழகுவார். சேருவதற்கு முன்பே சில வாரம் ஏதாவது ஒரு இல்லத்திலோ பகல்நேர மையத்திலோ தன்னார்வலராக இருந்து பார்ப்பது நல்லது. வாடையும் கூச்சலும் ஒரே கேள்வியை இருபது முறை கேட்கும் முதியவரும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது விளக்கக் கையேட்டில் தெரியாது.

கோட்பாட்டை எப்படிப் படிப்பது

ஒரு குடும்பத்தைக் கற்பனையில் உருவாக்கி, வரும் ஒவ்வொரு கோட்பாட்டையும் அதே குடும்பத்தின் மேல் வைத்துப் பார்ப்பது நல்ல முறை. உதாரணத்துக்கு, கணவரை இழந்து எட்டு மாதமான 78 வயது மூதாட்டி. வெளியூரில் மகன், அதே ஊரில் மணவிலக்குப் பெற்ற மகள், மகளோடு 9 வயதுப் பேரன். மூதாட்டி அடுப்பை அணைக்க மறக்கிறார். இது போதும், வருடம் முழுக்க ஓட்டலாம்.

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பேசும் பவுல்பியின் பற்றுறவுக் கோட்பாடு வந்தால் பேரனைப் பாருங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை. குழந்தைகளின் பற்றுறவை வகைப்படுத்த மேரி எய்ன்ஸ்வொர்த் உருவாக்கிய சோதனை, சுமார் ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கானது. தாய் அறையை விட்டுப் போவதும் திரும்புவதுமாக எட்டுக் கட்டங்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், பார்ப்பவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். மாணவரோ ஒருமுறை வீட்டுக்குப் போய், பையன் அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை என்பதைப் பார்த்துவிட்டு 'தவிர்க்கும் வகைப் பற்றுறவு' என்று எழுதிவிடுவார். பையன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

துயரத்தின் ஐந்து நிலைகளும் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) இப்படித்தான் அடிபடுகின்றன. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை முன்வைத்தது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. உறவை இழந்தவர்கள் படிப்படியாக ஏறியே தீர வேண்டிய ஏணியாக அதை மாற்றி, "இவர் இன்னும் மூன்றாம் நிலையில் இருக்கிறார்" என்று எழுதுவது தவறு. அழுகை, கோபம், சிரிப்பு மூன்றும் ஒரே மதியத்தில் வரும்.

யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979-இல் விரிவாகச் சொன்ன சூழலியல் அடுக்குகள் களத்தில் நேரடியாகப் பயன்படும். மூதாட்டி யாரோடு நேரில் பழகுகிறார் என்பது உள் அடுக்கு. மகளும் மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்பது அடுத்தது. மகளின் அலுவலகம் விடுப்புத் தராதது அதற்கும் வெளியே. மூதாட்டி அந்த அலுவலகத்தைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை, ஆனால் அடுப்பு அணையாமல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. முதுமை பற்றிச் சமூகம் வைத்திருக்கும் எண்ணம் எல்லாவற்றையும் சுற்றி நிற்பது. மாற்றுத்திறன் பற்றிய சமூக மாதிரியை மைக்கேல் ஆலிவர் 1983-இல் பெயரிட்டு முன்வைத்தார். அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: சக்கர நாற்காலியில் வந்தவர் உள்ளே நுழைய முடியாததற்குக் காரணம் அவருடைய காலா, வாசல் படியா?

ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் வகுத்த ஏழு கொள்கைகளையும் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்: ஒவ்வொருவரையும் தனியாளாகப் பார்ப்பது, உணர்வைக் கொட்ட இடம் தருவது, நம் உணர்வைக் கட்டுக்குள் வைத்து ஈடுகொடுப்பது, இருந்தபடியே ஏற்பது, தீர்ப்புச் சொல்லாதது, முடிவை அவரிடமே விடுவது, இரகசியம் காப்பது. பட்டியலை ஒப்பிப்பவருக்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடைக்கும். நல்ல மதிப்பெண், இவை ஒன்றோடு ஒன்று மோதும் இடத்தை எழுதுபவருக்கே. மூதாட்டி தனியாகத்தான் இருப்பேன் என்கிறார், அடுப்போ அணையவில்லை. முடிவை அவரிடம் விடுவதா, பாதுகாப்பைப் பார்ப்பதா? இதற்கு ஒற்றை வரி விடை இல்லை. தானாக அணையும் அடுப்பு வாங்க முடியுமா, அபாயம் எவ்வளவு, அதை அவர் புரிந்துகொண்டுதான் பேசுகிறாரா என்று பிரித்துப் பிரித்துப் போக வேண்டும்.

சட்டப் பாடம் பலரையும் மிரட்டும். ஒவ்வொரு பிரிவையும் ஐந்து கேள்வியாக உடைத்து ஒரே தாளில் எழுதுங்கள். கடமை யாருக்கு, யாருக்காக, எந்தச் சூழலில் அது தொடங்குகிறது, என்ன அதிகாரம் தருகிறது, முடிவை எதிர்த்து எங்கே போகலாம். 'செய்ய வேண்டும்' என்று முடியும் வாக்கியத்தையும் 'செய்யலாம்' என்று முடியும் வாக்கியத்தையும் வேறு வேறு நிறத்தில் அடிக்கோடிடுங்கள். பாதித் தவறுகள் இந்த இரண்டையும் குழப்புவதில்தான் வருகின்றன. உள்நாட்டுச் சட்டங்களுக்குப் பின்னணியாக இரண்டு ஐ.நா. ஒப்பந்தங்களையாவது மூலத்தில் படித்துவிடுங்கள். குழந்தை உரிமைகளுக்கானது 1989, மாற்றுத்திறனாளிகளுக்கானது 2006. முதலாவதில் 3-ஆம் பிரிவு குழந்தையின் நலனையும் 12-ஆம் பிரிவு குழந்தையின் குரலையும் பேசுகின்றன. இரண்டாவதில் 19-ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து சுதந்திரமாக வாழும் உரிமை. இல்லங்களைப் பற்றிய எந்த விவாதமும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

படம் போடப் பழகுங்கள்

குடும்ப வரைபடமும் சூழல் வரைபடமும் பேனாவும் ஒரு தாளும் இருந்தால் போட முடிபவை. முதலில் குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். யாருக்காகப் போடுகிறோமோ அவருக்கு மட்டும் இரட்டைக் கோடு. வயதை உருவத்துக்குள் எழுதுங்கள். இறந்தவர் மேல் பெருக்கல் குறி. திருமணம் ஒரு கிடைக்கோடு, அதிலிருந்து பிள்ளைகள் தொங்குவார்கள், மூத்தவர் இடப்பக்கம். பிரிந்து வாழ்ந்தால் அந்தக் கோட்டில் ஒரு சாய்கோடு, மணவிலக்கு என்றால் இரண்டு. ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சுற்றிப் புள்ளிக்கோடு. மூன்று தலைமுறை வரை போனால் போதும். நெருக்கத்துக்கு இணைகோடுகள், சண்டைக்கு வளைந்து நெளியும் கோடு. கடைசியாக மூலையில் தேதி. தேதி இல்லாத வரைபடம் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.

இதில் ஆட்கள் தெரிவார்கள், ஆதரவு தெரியாது. அதற்குத்தான் ஆன் ஹார்ட்மன் 1975-இல் உருவாக்கிய சூழல் வரைபடம். நடுவில் வீடு ஒரு பெரிய வட்டம். சுற்றிலும் மருத்துவமனை, பள்ளி, பக்கத்து வீடு, வழிபாட்டு இடம், வேலை என்று சின்ன வட்டங்கள். உறவு உறுதி என்றால் தடித்த கோடு, பலவீனம் என்றால் விட்டு விட்டுப் போகும் கோடு, இறுக்கம் என்றால் குறுக்குக் கோடுகள் போட்ட கோடு. எந்தப் பக்கம் உதவி போகிறது என்பதற்கு அம்புக்குறி. நம் மூதாட்டியின் மகளுக்கு வரைந்து பாருங்கள். அம்புகள் எல்லாம் அவளிடமிருந்து வெளியேதான் போகும், உள்ளே ஒன்றுகூட வராது. மூதாட்டிக்கு உதவி தேடப் போன இடத்தில் முதலில் தளரப்போவது மகள்தான் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

வரையும்போது மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து வரைவது. தாளைப் பயனாளியின் முன் வைத்து, அவர் கையில் பேனாவைக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரியை மகனை விட நெருக்கமாக அவர் வரைந்தால், அது கேள்வி கேட்டிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்காத செய்தி.

கேட்கப் பழகுவது

மூன்று பேராகச் சேர்ந்து பழகுங்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க. 15 நிமிடம், பிறகு இடம் மாற்றம். பேசுபவர் தன் சொந்தப் பிரச்சினையில் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், நடிக்க வேண்டாம். ஆறாத புண்ணைக் கிளறவும் வேண்டாம். கவனிப்பவர் மூன்றை மட்டும் எண்ணினால் போதும்: கேட்டவர் எத்தனை மூடிய கேள்வி கேட்டார், எத்தனை முறை குறுக்கே பேசினார், எத்தனை மௌனத்தைத் தாங்கினார்.

'ஏன்' என்ற சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். "ஏன் மாத்திரை போடல?" என்றால் விசாரணை மாதிரி இருக்கும், பதிலாகச் சமாதானம்தான் வரும். "மாத்திரை போடாத அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றால் நடந்தது வரும். கேட்டதைச் சுருக்கி அவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதும் வேண்டும், ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் கிளிப்பிள்ளை மாதிரி வேண்டாம்.

மொழி தெரியாத குடும்பத்தில் குழந்தையை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். அம்மா சொல்லும் அடியையும் அவமானத்தையும் அந்தப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளை பாதியை விழுங்கவும் செய்யும். மூத்த உறவினரும் அப்படித்தான், கொஞ்சம் திருத்தித்தான் சொல்வார்.

சொல்லுக்குச் சொல் பதிவு

இந்தப் படிப்பில் நேரத்தை அள்ளிக் கொட்ட வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் கட்சி. ஒரு சந்திப்பில் 10 நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, முடிந்தவரை அப்படியே எழுத வேண்டும். தாளை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரியுங்கள். முதலில் யார் என்ன சொன்னார், என்ன செய்தார். இரண்டாவதில் அப்போது உங்கள் மனதில் ஓடியது. மூன்றாவதில் நீங்கள் என்ன முறையைப் பயன்படுத்தினீர்கள், எதற்காக. நான்காவது மேற்பார்வையாளருக்கு, காலியாக விடுங்கள்.

ஒரு துண்டைப் பார்ப்போம்.

மாணவி: "ராத்திரி தூக்கம் எப்படிம்மா இருக்கு?"
மூதாட்டி: "தூக்கமா... அது அவரோட போச்சு." ஜன்னல் பக்கம் திரும்பினார். சுமார் 10 நொடி பேசவில்லை.
மாணவி: "மாத்திரை ஏதாச்சும் எடுத்துக்கறீங்களா?"

இரண்டாம் பத்தியில் மாணவி நேர்மையாக எழுதியிருக்கிறாள்: 'அழுதுவிடுவாரோ என்று பயம். பேச்சை மாற்றினேன்.' மூன்றாம் பத்தியில் 'தகவல் சேகரிப்பு' என்று எழுதியிருக்கிறாள். மேற்பார்வையாளரின் குறிப்பு ஒரே கேள்வி: "மாத்திரை பற்றிய கேள்வி யாருக்கு உதவியது?" இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுத்தும். இரண்டாம் பத்தியைக் காலியாக விட்டிருந்தாலோ, 'பரிவோடு கேட்டேன்' என்று அலங்கரித்திருந்தாலோ மேற்பார்வையாளருக்குப் பிடிபட்டிருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பியதையும் 10 நொடியையும் விட்டிருந்தாலும் அப்படியே.

எழுதும் ஒழுங்கு:

1. சந்திப்பு முடிந்த உடனே, வெளியே வந்து ஐந்து நிமிடத்தில் முக்கியச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் அவர் உங்கள் பேனாவைப் பார்த்துத்தான் பேசுவார்.
2. அன்றைக்கே முழுசாக எழுதுங்கள். ஒரு இரவு தூங்கி எழுந்தால், அவர் சொன்னதற்குப் பதிலாக அவர் சொல்லியிருக்க வேண்டியது நினைவில் நிற்கும்.
3. முக்கியமான சொற்களை மேற்கோள் குறிக்குள், அவர் பேச்சு வழக்கிலேயே வையுங்கள். 'கணவரின் மறைவால் மன அழுத்தம்' என்று மாற்றினால் செய்தியே போய்விடும்.
4. 'போதையில் இருந்தார்' வேண்டாம். 'பேச்சு குழறியது, மூச்சில் மது வாடை, எழும்போது சுவரைப் பிடித்தார்' என்று எழுதுங்கள். சர்க்கரை தாழ்ந்தவருக்கும் பேச்சு குழறும்.
5. கருத்து எழுதலாம், எழுதத்தான் வேண்டும். 'என் கணிப்பு' என்று தலைப்புப் போட்டு, எதை வைத்து என்று பக்கத்திலேயே காட்டுங்கள்.
6. பிழை விழுந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் வையுங்கள். வெள்ளை மை பூசிய கோப்பை எந்த விசாரணையிலும் நம்ப மாட்டார்கள்.

கல்லூரிக்குக் கொடுக்கும் பிரதியில் பெயர், முகவரி, பள்ளி, நடந்த தேதி எல்லாம் மாறியிருக்க வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு 'ஊரின் ஒரே தபால்காரர்' என்று எழுதினால் மாற்றியதற்கு அர்த்தமே இல்லை.

ஒருவர் வாய் திறந்து சொல்லும்போது

துன்புறுத்தலைப் பற்றி ஒரு குழந்தையோ முதியவரோ உங்களிடம் சொல்லத் தொடங்குவது திட்டமிட்ட நேரத்தில் நடக்காது. காய்ச்சல் மாத்திரை கொடுக்கும்போது, வாசலில் செருப்பு மாட்டும்போது வரும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?" என்பதோடு வரும். அங்கே 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால் வாக்கை மீறத்தான் வேண்டியிருக்கும், அந்தக் குழந்தை இன்னொரு பெரியவரை நம்பாது. "நீ சொன்னது நல்லதுதான். உன்னைப் பத்திரமா வெச்சுக்கறதுக்கு இதை ஒருத்தர்கிட்ட நான் சொல்லியாகணும்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பிறகு குறைவாகக் கேளுங்கள். "அப்புறம் என்ன நடந்துச்சு?" போதும். "அப்பாவா அடிச்சாரு?" என்று கேட்காதீர்கள், பதிலை நீங்களே வாயில் வைப்பதாகிவிடும், பின்னால் வழக்கு அதில் சறுக்கும். விசாரிப்பது உங்கள் வேலை அல்ல, குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய்க் கேட்பது கூடவே கூடாது. காயம் தெரிந்தால் உடல் வரைபடத் தாளில் (உடலின் வெளிக்கோடு வரைந்த தாள்) இடம், அளவு, நிறம் குறியுங்கள். சொந்தப் போனில் படம் எடுக்காதீர்கள், துணியைத் துவைக்கவோ குளிப்பாட்டவோ அவசரப்படாதீர்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, நேரம் போட்டு, பொறுப்பாளரிடம் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர உதவியை முதலில் அழையுங்கள், தாள் பிறகு.

பொறுப்பாளர் "பார்த்துக்கறேன்" என்று சொல்லி விட்டுவிட்டால் அடுத்த நாள் கேளுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் அவருக்கு மேலே யாரிடம் போவது என்பதைக் களப்பணியின் முதல் நாளிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கையால் செய்யும் வேலை

சமூகப் பணிப் பட்டம் படிப்பவர்கள் இதைத் தங்களுக்கு இல்லை என்று ஒதுக்குவார்கள். ஒருவர் தானாகக் குளிக்க முடியுமா என்று மதிப்பிடப் போகிறவருக்கு, குளிப்பதில் எத்தனை அசைவு இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

ஒருவர் தன் உடலைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்பதை அளக்க சிட்னி காட்ஸ் 1963-இல் வெளியிட்ட அளவீடு ஆறு செயல்களைப் பார்க்கிறது: குளியல், உடுத்தல், கழிப்பறை, படுக்கையிலிருந்து எழுந்து மாறுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, உண்ணுதல். தனியாக வாழத் தேவையானவை என்று லாட்டனும் பிராடியும் 1969-இல் சேர்த்தவை எட்டு: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, போக்குவரத்து, மருந்து, பணம். நம் மூதாட்டி முதல் ஆறிலும் முழு மதிப்பெண் வாங்குவார், இரண்டாம் பட்டியலில்தான் விழுவார். ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு 'உதவி தேவையில்லை' என்று எழுதினால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று: "சமைப்பீங்களா?" என்று கேட்டு ஆமாம் என்று எழுதாதீர்கள். ஒரு தேநீர் போடச் சொல்லிக் கூட நின்று பாருங்கள். சமைத்தே பழகாத ஆண்களுக்கு அந்த வரியில் பூஜ்யம் போடுவது முடியாமை அல்ல, பழக்கமின்மை என்பதையும் குறியுங்கள்.

உடை மாற்றும்போது, பக்கவாதம் வந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், பலவீனமான தோள் மூட்டு நழுவும். எழுப்புமுன் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்காரவையுங்கள், சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுவார். நாற்காலியை அவருடைய வலுவான பக்கம் போடுங்கள், சக்கர நாற்காலியின் பிரேக்கைக் கையால் அசைத்துச் சோதியுங்கள்.

படுக்கையிலேயே இருப்பவருக்குக் குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்புப் பகுதிகளைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தை விடச் சூடாகவோ கடினமாகவோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'சிவப்பு இல்லை' என்று குறிப்பெழுதிவிட்டுப் போனதில் புண் ஆழமான கதைகள் உண்டு. அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது, உள்ளே திசு மேலும் சிதையும்.

ஊட்டும்போது நிமிர்ந்து உட்காரவையுங்கள், முடிந்தபின் அரை மணி நேரம் சாய்க்காதீர்கள். இருமல், குரலில் தண்ணீர் தேங்கியது போன்ற கரகரப்பு, கண்ணில் நீர் இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள். கை கழுவுவது சோப்போடு 40 முதல் 60 நொடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஈரம் துடைப்பதும் அதில் சேர்த்தி. கட்டைவிரலும் விரல் நுனியும்தான் எப்போதும் விட்டுப்போகும்.

களப்பணியும் மேற்பார்வையும்

முதல் வாரம் பேசுவதைக் குறைத்து, அந்த இடம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். யார் கோப்பைத் திறக்கலாம், சாவி யாரிடம், தீ மணி அடித்தால் எந்த வாசல். தனியாக வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் போகும் இடமும் திரும்பும் நேரமும் அலுவலகத்தில் எழுதியிருக்க வேண்டும், உள்ளே கதவுக்குப் பக்கமாக உட்காருங்கள்.

சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுப்பது, கடன் கொடுப்பது, 'அவசரத்துக்கு' வீட்டுக்கு அழைத்துப்போவது: மூன்றும் நல்ல மனதில்தான் தொடங்கும். அடுத்த மாணவரிடம் அந்தக் குடும்பம் அதையே எதிர்பார்க்கும், அவர் மறுக்கும்போது அவர் கெட்டவராவார். நீங்கள் போன பிறகு இரவு 11 மணிக்கு அந்த எண்ணை அழைத்து யாரும் எடுக்கவில்லை என்றால் கேடு இன்னும் பெரிது. அன்பளிப்பைத் திருப்பினால் மனம் நோகும் என்று தோன்றும் இடத்தில் வாங்கி, அன்றைக்கே பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் ஒப்படையுங்கள்.

மேற்பார்வைக்கு வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு பதிவு, ஒரு சந்தேகம், உங்களை உறுத்திய ஒரு தருணம். மூன்றாவதை மறைக்கவே தோன்றும். ஒரு பயனாளியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது என்றாலோ, ஒருவர் மேல் அளவுக்கு மீறிப் பரிதாபம் வருகிறது என்றாலோ சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டது எழுத்தில் 'ஒத்துழைக்கவில்லை' என்று வந்து நிற்கும்.

களப்பணி அனுபவத்தை அலசிக் கட்டுரை எழுதும்போது பலரும் கிப்ஸ் 1988-இல் தந்த சுழற்சியைப் பயன்படுத்தச் சொல்வார்கள்: நடந்தது, உணர்ந்தது, நன்மை தீமை, அலசல், முடிவு, அடுத்து என்ன. 1000 சொல் கட்டுரையில் நடந்ததற்கே 600 சொல் போய்விடுவதுதான் வழக்கமான தோல்வி. அதை 150-க்குள் அடக்குங்கள், அலசலுக்கு 400 கொடுங்கள். அலசல் என்றால் கோட்பாட்டின் பெயரைச் சொல்வது அல்ல. அந்தக் கோட்பாடு இங்கே எதை விளக்கியது, எதை விளக்கவில்லை என்று காட்டுவது.

வேலைக்கு நேர்காணல்

ஒரு சூழலைக் கொடுத்துக் கேட்பார்கள். "முதியவர் ஒருவர் மாத்திரை வேண்டாம் என்கிறார், என்ன செய்வீர்கள்?" சாப்பாட்டில் கலந்து கொடுப்பேன் என்றவருக்கு வேலை இல்லை. அவசியத்தை எடுத்துச் சொல்வேன் என்பது பாதிப் பதில்தான். என்ன காரணம் என்று முதலில் கேட்க வேண்டும்: விழுங்க முடியவில்லையா, வயிறு எரிகிறதா, நேற்று போட்டது நினைவில்லாமல் இரண்டாவது முறை என்று நினைக்கிறாரா. மறுப்பின் விளைவு அவருக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். புரிந்தே மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒருமுறை கேட்கலாம். பிறகு நேரத்தையும் மருந்தின் பெயரையும் அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயும் மருந்துப் பதிவில் எழுதி, செவிலியரிடமோ பொறுப்பாளரிடமோ அந்த ஷிஃப்டிலேயே சொல்ல வேண்டும்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். கேளுங்கள். ஒருவரிடம் ஒரே நேரத்தில் எத்தனை குடும்பங்கள் இருக்கும், புதிதாக வருபவர் எத்தனை வாரம் இன்னொருவரோடு சேர்ந்து போவார், மேற்பார்வை எத்தனை நாளுக்கு ஒருமுறை, அது ரத்தானால் மறு தேதி யார் போடுவார்.